ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ், கைத்தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்பை அளந்து தேய்த்துப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பகுதி நூலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் அம்மாக்கள் வருவார்கள். வேலை போன மாதத்தில் அப்பாக்கள் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், சேரும் முன் அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் பத்தாவதில் 260 மார்க். பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா?

மார்க்கை விடுங்கள். வீட்டில் ஃபேன் நின்றால் பையன் என்ன செய்கிறான்? ஸ்டூலைப் போட்டு ஏறுகிறானா, 'அப்பா, ஃபேன் ஓடல' என்று சொல்லிவிட்டு மொபைலுக்குத் திரும்புகிறானா? முதல் வகை என்றால் ஐ.டி.ஐ. அவனுக்குப் பிடிக்கும். இரண்டாம் வகையைக் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டு வருடமும் அவனுக்குத் தண்டனை, எங்களுக்கும் தண்டனை.

இன்னொன்று. 'படிப்பு வராதவன் போகிற இடம்' என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். ஃபிட்டருக்கும் மெஷினிஸ்டுக்கும் கணக்கு உண்டு, வரைபடம் உண்டு. வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் தோற்றவன் இதில் ஜெயித்துப் பார்த்திருக்கிறேன். பொறுமை இல்லாதவன் ஜெயித்துப் பார்த்ததில்லை.

எந்த ட்ரேடு (தொழிற்பிரிவு) எடுத்தால் உடனே வேலை கிடைக்கும்?

உங்கள் ஊரைச் சுற்றி என்ன தொழில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. கோயம்புத்தூரில் பம்ப், ஃபவுண்டரி, மெஷின் ஷாப் என்று இருப்பதால் லேத் (கடைசல் மெஷின்) ஓட்டும் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எல்லாம் ஓடும். திருச்சி, திருவெறும்பூர் பக்கம் பாய்லர் சார்ந்த ஃபேப்ரிகேஷன் வேலை என்பதால் வெல்டருக்குத் தனி மதிப்பு. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வட்டாரம் வாகனத்துக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் பேர்போனது. தொழிற்சாலையே இல்லாத ஊரா? எலக்ட்ரீசியன், வயர்மேன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக். இவர்களுக்கு வீடு இருக்கிற இடமெல்லாம் வேலை இருக்கும்.

ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், ஏ.சி. மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடம். வெல்டர், டீசல் மெக்கானிக், கணினி இயக்குபவருக்கான 'கோபா' ஆகியவை ஒரு வருடம். கோபாவுக்கு எப்போதும் கூட்டம் நெரியும், ஏனென்றால் கை அழுக்காகாது. அதை முடித்து டேட்டா என்ட்ரிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பக்கத்து அறையில் வெல்டர் சீட் காலியாகக் கிடக்கும்.

எட்டாவதுதான் பாஸ். சேர முடியுமா?

முடியும். வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். மற்ற பெரும்பாலானவற்றுக்குப் பத்தாவது வேண்டும். வயது 14 நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வரை. பெண்களுக்கு மேல் வரம்பு கிடையாது. முப்பத்தைந்து வயதில் மகனோடு சேர்ந்து விண்ணப்பம் நிரப்ப வந்த அம்மா ஒருவர், 'எனக்கும் ஒண்ணு குடுங்க சார்' என்று கேட்டு வாங்கிப் போனார். தையல் பிரிவு.

எட்டாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர் பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருடம் படித்தவர் பிளஸ் டூ மொழித் தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை. இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. நாற்பது வயதில் பதவி உயர்வு வரும்போதுதான் 'பிளஸ் டூ இருக்கா?' என்று கேட்பார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், சீருடை, காலணி, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. முதலாவது 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகையும் போகும், தேர்வும் போகும்.

அரசு ஐ.டி.ஐ. நல்லதா, தனியார் நல்லதா?

பட்டறையைப் பாருங்கள். சேர்க்கை அறையில் உட்கார வைத்து ஏ.சி. போட்டுப் பேசினால், 'வொர்க்‌ஷாப்பைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். லேத்தின் மேல் தூசி இருக்கிறதா, இரும்புச் சுருள் இருக்கிறதா என்று பாருங்கள். சுருள் கிடந்தால் ஓடுகிற மெஷின். வெல்டிங் பூத்தில் எரிந்த ராடுகளின் அடித்துண்டுகள் வாளி நிறையக் கிடக்க வேண்டும். அது இல்லாத வெல்டர் பிரிவில் பிள்ளைகள் நோட்டில்தான் வெல்டிங் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தினார்கள். ரோபாட் கை, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின், முப்பரிமாண அச்சு எல்லாம் வந்திருக்கின்றன. பல தனியார் நிலையங்களில் பார்க்கவே கிடைக்காத மெஷின்கள். அதே சமயம், நன்றாக நடக்கும் தனியார் நிலையங்களும் இருக்கின்றன, பயிற்றுநர் இல்லாமல் கிடக்கும் அரசுப் பிரிவுகளும் இருக்கின்றன. போன வருடம் முடித்த நான்கு பையன்களைத் தெருவில் பிடித்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பையன் சேர்ந்து இரண்டு மாதம் ஆச்சு. இன்னும் அரத்தால் இரும்பைத் தேய்க்கவே விடுகிறார்களாம். இது என்ன பயிற்சி?

இந்தக் கேள்விக்காகவே நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிட்டர் பையனுக்கு முதலில் ஒரு எம்.எஸ். பிளாட் (பட்டை இரும்பு) துண்டு கொடுப்போம். ஹாக்ஸாவால் அறுத்தது. அதன் ஒரு பக்கத்தைச் சமதளமாக்க வேண்டும், அவ்வளவுதான். வைஸ் என்கிற இடுக்கியில் பிடித்து, காலை அகட்டி நின்று, முழு அரத்தையும் முன்னே தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது லேசு. சுலபமாகத் தெரியும். ஆனால் புதுக் கை ஊஞ்சல் ஆடும். அரம் முன்னே போகும்போது முன்பக்கம் சாயும், பின்னே வரும்போது பின்பக்கம் சாயும். விளைவு, நடுவில் மேடு, ஓரங்களில் பள்ளம். பையன் அதைத் தடவிப் பார்த்து 'சமமா இருக்கு சார்' என்று சொல்லுவான். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். இடுக்கில் வெளிச்சம் கோடு போடும். அவன் முகம் மாறும். மறுபடியும் வைஸுக்குப் போவான்.

பத்தாவது நாளோ இருபதாவது நாளோ, வெளிச்சம் வராது. அன்றைக்கு ஸ்கொயரை அவனே இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்ப்பான், நம்பாமல்.

ஒரு பக்கம் தட்டையானால் அடுத்த பக்கத்தை அதற்குச் செங்குத்தாக்க வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று இடைவெளி தெரியாமல் பொருத்த வேண்டும். சி.என்.சி. வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். மெஷின் பிழையாக வெட்டினால் அதைக் கண்ணால் பார்த்ததும் சொல்ல ஒருவன் வேண்டும். அந்தக் கண் அரத்தில்தான் வளர்கிறது. செய்முறைத் தேர்வில் தேற 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வைவிட அங்கே கண்டிப்பு அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்கிறார்களே, அது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

ஐ.டி.ஐ.யில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு ஒரு நிறுவனத்தில் ஒரு வருடம் தொழிற்பழகுநராக இருந்து தேர்வு எழுதினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி நடப்பது இது. ஐ.டி.ஐ.யில் ஒரு வேலைத்துண்டைக் கெடுத்தால் இன்னொன்று தருவோம். கம்பெனியில் கெடுத்தால் ஷிஃப்ட் நின்றுவிடும். அந்தப் பயத்தோடு ஒரு வருடம் வேலை செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிடும். ஐ.டி.ஐ.யை எங்கே முடித்தான் என்று பின்னாளில் யாரும் கேட்பதில்லை. 'அப்ரண்டிஸ் எங்கே?' என்றுதான் கேட்பார்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே பணிமனைகள், திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.), நெய்வேலி என்.எல்.சி. போன்றவை ஆண்டுதோறும் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. ரயில்வேயில் முடித்தவர்களுக்கு, பிறகு வரும் லெவல் 1 (கடைநிலைப் பணி) தேர்வில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு உண்டு. ரிசல்ட்டுக்கு முன்னாலேயே மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முடித்து ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் கை மறந்துவிடும்.

அப்ரண்டிஸுக்கு ஸ்டைபண்ட் (உதவித்தொகை) எவ்வளவு? சம்பளம் மாதிரி பி.எஃப். பிடிப்பார்களா?

2019-இல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய். டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை உயர்த்தும் பேச்சு நடந்துகொண்டே இருப்பதால், சேரும்போது என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது அடிமட்டம்தான். நல்ல கம்பெனிகள் கூடவே தருகின்றன, கேன்டீன், பஸ் தனி.

அப்ரண்டிஸ் சட்டத்தின் பார்வையில் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஆகவே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லை. அதற்காக எதுவும் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும். வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. உரிய அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும். 2016-இல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. ஆகவே 'உன்னை வைத்து எங்களுக்கு நஷ்டம்' என்று எந்த முதலாளியாவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

வருடம் முடிந்ததும் அதே கம்பெனி வேலை கொடுத்தாக வேண்டுமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, வேண்டியதில்லை.

அப்ரண்டிஸ் என்று சொல்லாமல் 'ட்ரெயினி' என்று எடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அப்ரண்டிஸுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கும், அதில் ட்ரேடு பெயர், கால அளவு, ஸ்டைபண்ட் எல்லாம் இருக்கும். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள், மைனர் என்றால் பெற்றோர் போடுவார்கள். 'ட்ரெயினி' என்பது பல இடங்களில் கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர். இரண்டு வருடம் பேக்கிங் லைனில் நின்றுவிட்டு, கையில் ஒரு வெள்ளைத்தாள் கடிதத்தோடு வந்த பையனை எனக்குத் தெரியும். கடிதத்தில் ட்ரேடு பெயரே இல்லை.

பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மூன்று வருடம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, கிராமத்துப் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வைத்தார்கள். அவர்களையும் பழகுநர் என்றுதான் சொன்னார்கள். ஸ்பின்னிங்கில் பாபின் மாற்றப் பழக மூன்று வருடமா ஆகும்? யாராவது 'முடிவில் மொத்தமாகத் தருகிறோம்' என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும் இதே பதில்தான்.

கம்பெனி லைனில் நேராகப் போனால் இன்றே சம்பளம் வருகிறது. ஐ.டி.ஐ. இரண்டு வருடம் வீண்தானே?

வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் போங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். மற்றபடி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். லைனில் ஒரே ஸ்க்ரூவை ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் தடவை முடுக்குகிறவர் அந்த ஸ்க்ரூ இருக்கும் வரைக்கும்தான் அங்கே இருப்பார். ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவதும் அவர்தான். அதே லைன் நின்றுவிட்டால் ஓடவைக்கக் கூப்பிடுகிற மெயின்டனன்ஸ் ஃபிட்டரை யாரும் அவசரப்பட்டு அனுப்ப மாட்டார்கள். பெரிய முதலீடு வருகிறது, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று பேப்பரில் படிக்கும்போது, அதில் எத்தனை ஸ்க்ரூ, எத்தனை ஸ்பேனர் என்று யாராவது பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெண் பிள்ளையை ஃபிட்டரிலோ வெல்டரிலோ சேர்க்கலாமா?

தாராளமாக. பெண்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ.கள் கிண்டி, கோயம்புத்தூர், சேலம், மதுரை போன்ற ஊர்களில் இருக்கின்றன. என் வகுப்பில் அரம் பிடித்த பெண்கள் குறைவு. ஆனால் துண்டைக் கெடுத்தவர்கள் அதைவிடக் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சின்னப் பட்டறைகளில் கழிப்பறை இருக்காது, இரண்டாவது ஷிஃப்ட் முடிந்தால் பஸ் இருக்காது. அப்ரண்டிஸுக்கு இடம் பார்க்கும்போது இந்த இரண்டையும் வெட்கப்படாமல் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

எனக்கு 42 வயது. இருபது வருடமாக வயரிங் வேலை. ஒரு சான்றிதழும் இல்லை. இனிமேல் என்ன செய்ய முடியும்?

அண்ணே, உங்களுக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங்கில் குறைந்தது 5 வருட அனுபவம் வேண்டும். அறிவிப்பு வரும்போது அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் கிடைக்கும். அனுபவச் சான்றை யாரிடம் வாங்குவது என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். நீங்கள் வேலை செய்த உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் இப்போதே பேசி வையுங்கள். 'எழுதித் தர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் போனை எடுக்காத ஆட்கள் உண்டு.

மற்ற தொழில்களுக்கு 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற வழி உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி அது. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குச் சில நாள் அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, தேறினால் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழால் கூலி கூடுமா?

உள்ளூரில் வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடம் சான்றிதழ் கேட்க மாட்டார். பக்கத்துத் தெருவில் நீங்கள் பூசிய சுவரைப் பார்ப்பார். ஆகவே உள்ளூர்க் கூலி கூடாது. பெரிய கட்டுமான கம்பெனியில் சேர, வெளிநாடு போக, மேஸ்திரியைத் தாண்டி சூப்பர்வைசர் ஆக அது உதவும்.

என் கவலை கொத்தனாரைப் பற்றி அல்ல, சித்தாளைப் பற்றி. கலவை சுமக்க வந்த ஆண் பிள்ளை மூன்று நான்கு வருடத்தில் கரண்டி பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, கொத்தனார் ஆகிவிடுவான். பக்கத்தில் அதே சட்டியைச் சுமக்கும் பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாள்தான். கலவைப் பதம் அவளுக்குத் தெரியும். செங்கல் வரிசை கோணினால் கீழே நின்றே சொல்லுவாள். ஆனால் கரண்டியைக் கையில் கொடுக்க ஆள் இல்லை. பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் போய்ச் சேருங்கள். நான்கைந்து பேராகச் சேருங்கள், தனியாகப் போனால் மேஸ்திரி திரும்பவும் சட்டியைத்தான் கொடுப்பார்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 1994 முதல் இருக்கும் வாரியம். விபத்து, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக வருகின்றன. பிள்ளை ஐ.டி.ஐ.யில் படித்தாலும் கல்வி உதவித்தொகை உண்டு. புதுப்பிக்க மறந்து கார்டு செத்துப் போன கதைகள்தான் திண்ணையில் அதிகம்.

வெல்டர் முடித்துவிட்டேன். துபாய், சவூதி போகலாமா?

போகலாம் தம்பி. முதலில் பைப் வெல்டிங் பழகு. ஐ.டி.ஐ. முடித்த கையோடு நீ போடுவது பிளேட். அங்கே கேட்பது 6ஜி. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்திருப்பார்கள், நீதான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கம் தலைக்கு மேல் வெல்டிங், பக்கவாட்டில் செங்குத்து, மேலே வந்தால் தட்டை. உலோகக் குழம்பு ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி வழியும். ராடு சாய்வை விநாடிக்கு விநாடி மாற்ற வேண்டும். உள்பக்கம் ரூட் (வெல்டின் அடிப்பகுதி) சரியாக ஊடுருவியதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வெளியே அழகாக இருந்து பிரயோஜனம் இல்லை. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதற்கெல்லாம் பயிற்சி தருகிறது. கட்டணம் உண்டு, ஆனால் பேர் உண்டு.

அடுத்தது ஏஜென்ட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் அது என்ன கணக்கு என்று நீயே யோசி. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. அந்த அனுமதி இல்லாமல் விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்பவரோடு பேசாதே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. கிண்டியில் போய் விசாரி. சவூதிக்கு என்றால் வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன் போன்றவர்கள் இங்கேயே திறன் தேர்வு தேற வேண்டும்.

இன்னொன்று. வெல்டிங் கண்ணாடி போடாமல், 'டேக்' (ஒரு பொட்டு வெல்டிங்) மட்டும்தானே என்று பற்றவைக்காதே. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும்போது என்னைத் திட்டுவாய்.

'இலவசப் பயிற்சி, 100 சதவீத வேலை உறுதி' என்று போஸ்டர். நம்பலாமா?

இலவசம் என்பதை நம்பலாம், மத்திய, மாநிலத் திட்டங்களில் உண்மையாகவே இலவசம்தான். 'உறுதி' என்பதைப் பிரித்துப் பாருங்கள். எந்த ஊரில், என்ன வேலைக்கு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, எத்தனை மாதம்? கிராமத்து இளைஞர்களை மூன்று மாதம் பயிற்றுவித்து, வெளியூரில் வேலைக்கு அனுப்பி, விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சமில்லாமல் இரண்டாவது மாதமே பையன் ஊர் திரும்பிய கதைகள் ஏராளம். கணக்கில் அவன் வேலை பெற்றவனாகவே இருப்பான்.

பயிற்சி நிலையத்துக்கு நேரில் போங்கள். டெபாசிட் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பயிற்றுநரோடு பேசுங்கள், நிர்வாகியோடு அல்ல.

சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும். எங்கே கற்றுக்கொள்வது?

மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கத்து உஜிரேயில் 1982-இல் தொடங்கிய முறை நாடு முழுக்கப் பரவியது. தையல், செல்போன் பழுது, டூவீலர் மெக்கானிக், ஆடு வளர்ப்பு என்று பத்து நாள் முதல் ஒன்றரை மாதம் வரை பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு இலவசம். முடித்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்கத் துணை செய்வார்கள்.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். எட்டாவது தேறிய வேலையில்லாதவருக்கு மாநில அரசின் திட்டம் ஒன்றில் 15 லட்சம் வரை தொழில் தொடங்கலாம், 25 சதவீதம் மானியம். விண்ணப்பத்தைவிட மெஷின் கொட்டேஷனும் கடை வாடகை ஒப்பந்தமும்தான் வங்கி மேனேஜர் கண்ணில் படும். ஒரு வருடமாவது இன்னொருவர் கடையில் வேலை செய்துவிட்டு வாருங்கள். யார் கடன் சொல்லுவார்கள், யார் தரமாட்டார்கள் என்பதை எந்தப் பயிற்சி நிலையமும் சொல்லித் தராது.

பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

2023 செப்டம்பரில் தொடங்கியது. 18 கைத்தொழில்கள், பயிற்சியின்போது நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000, பிறகு 5 சதவீத வட்டிக்கு கடன். குடும்பத் தொழிலைச் செய்பவருக்கு என்று வரையறுத்ததும் 18 வயதிலேயே சேரலாம் என்றதும் தமிழ்நாட்டுக்கு உறுத்தின. 1953-இல் ராஜாஜி பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று எதிர்த்த ஊர் இது. ஆகவே மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச வயது 35, 25 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை மானியம், வட்டியில் 5 சதவீதச் சலுகை.

என் பக்கத்தைக் கேட்டால், 18 வயதுப் பிள்ளையை 'நீ தச்சன் மகன், உளியை எடு' என்று சொல்லும் எந்த ஏற்பாடும் எனக்கு ஆகாது. அதே சமயம் கருவி வாங்க 15,000 கிடைக்காமல் போன ஐம்பது வயதுத் தச்சரின் வருத்தமும் நியாயமானது. அவரிடம் அரசியல் பேசாமல் மாநிலத் திட்டத்தின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதால் இப்போது ஏதாவது பயன் உண்டா?

நேர்காணலுக்குக் கார்டு வரும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனாலும் பதியுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பத்தாவது தேறி, ஐந்து வருடம் பதிவில் இருந்தும் வேலை கிடைக்காதவருக்கு மாதம் 300 ரூபாய் உதவித்தொகை உண்டு, பிளஸ் டூவுக்கு 400. டீச்செலவுக்குத்தான் ஆகும். அதைவிடப் பயன், அங்கே நடக்கும் தனியார் துறை முகாம்கள். பயோடேட்டாவோடு, நீங்கள் செய்த ஒரு வேலைத்துண்டின் போட்டோவையும் கொண்டுபோங்கள்.

ஐ.டி.ஐ. முடித்தால் மேலே படிக்கவே முடியாதாமே?

தவறான தகவல். இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதன் பிறகு பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு.

விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம்தானா?

வழக்கமாக மே, ஜூன் வாக்கில் ஆன்லைன் விண்ணப்பம், ஆகஸ்டில் வகுப்பு. கலந்தாய்வு முடிந்தும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை நடக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ இவற்றை எடுத்துக்கொண்டு நாளை காலை பத்து மணிக்கு அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்குப் போங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெல்டர் சீட் இருக்கும்.